வாயை மூடிக்கொண்டு அருவியில் குளித்த நாள்

சாரல் உதட்டில் விழுந்தால் இனிக்கும். மழை இனிக்காது, குழாய்த் தண்ணீர் இனிக்காது, ஆனால் ஆனி மாதத்தில் குற்றால மலையைத் தாண்டி வரும் அந்தப் பூந்தூறல், விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பல்லில் படாத பதினோரு வயதுப் பெண்ணின் உதட்டில் வந்து உட்கார்ந்தால், கருப்பட்டிப் பாகைத் தொட்டு வைத்ததுபோல் இனிக்கும். நாக்கு அதைத் தேடிக்கொண்டு தானாக வெளியே வரப் பார்க்கும். தென்காசித் தெருவில் இரண்டு உதடுகளையும் உள்பக்கமாக மடித்துக் கடித்துக்கொண்டு, பல்லுப்போன கிழவி மாதிரி நான் நடந்துபோன ஒரு நாள் உண்டு. அது என் முதல் நோன்பு. அந்த நாளையும், அன்றைக்கு எனக்கு அர்த்தமான ஒரு சொல்லையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சொல் "சபூர்". அரபியிலிருந்து வந்ததுதான், ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களின் வாயில் புழங்கிப் புழங்கிப் புளியும் உப்பும் ஏறி அது தமிழாகிப் பல காலமாயிற்று. பொறுமை என்று அதற்கு அர்த்தம் எழுதலாம், எழுதினால் டீச்சர் மார்க்கும் போடுவார். ஆனால் பொறுமை பள்ளிக்கூட நோட்டில் இருந்த சொல். அடுத்த வீட்டுச் செண்பகம் அத்தை, போலீஸ்காரர் வீட்டம்மா, தன் பையன்களிடம் "பொறுதியா இருங்கலே" என்பார். அந்தப் பொறுதி கல்லில் கிடக்கும் தோசை வேகும் வரைக்குமான பொறுதி. சபூர் அதைவிடப் பெரியது, அதைவிடச் சின்னதும்கூட. மவுத்து வீட்டில் கதறுகிறவளின் தோளைப் பிடித்துக்கொண்டு "சபூர் செய்யும்மா" என்பார்கள். துபாய்க்குப் போன மாப்பிள்ளை மூன்று வருடமாகத் திரும்பவில்லை என்று அழுகிறவளிடமும் அதுதான், பிரசவ வலியில் பல்லைக் கடிக்கிறவளிடமும் அதுதான். பெருநாளன்று பிரியாணிச் சட்டி தம்மில் இருக்கும்போது, தட்டை ஏந்திக்கொண்டு சுற்றிச்சுற்றி வரும் எங்களிடமும், "சபூர், சபூர்! ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?" என்று அதே சொல்தான் வந்து விழும். சாவுக்கும் பிரியாணிக்கும் ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்திய ஊர் எங்களுடையது.

அந்த வயதிலேயே நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். ஆண்களைப் பார்த்து யாரும் சபூர் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை. அது பெண்களுக்கென்று தைத்து வைத்த சட்டை மாதிரி இருந்தது, அதிலும் என் உம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்தது. வாப்பா அபுதாபியில் இருந்தார். உம்மா தென்காசியில் என்னையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்லும் சபூரை வாங்கி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

நானோ அதற்கு நேர்மாறு. பள்ளியில் எதிர்ச்சொல் எழுதச் சொல்லும்போது, சபூருக்கு எதிர்ச்சொல் கேட்டால் என் பெயரை எழுதலாம் என்று உம்மாவே சிரித்திருக்கிறாள். என் பெயர் நூர்ஜஹான், வீட்டில் நூரு, தெருவில் "காந்தாரி". செங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் மீன் குழம்புக்கு இடிக்கும் அந்தச் சின்ன மிளகாய்தான், விரல் நுனி அளவுதான் இருக்கும், கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். யாராவது ஒன்று சொன்னால் திருப்பி ஒன்று சொல்லாமல் எனக்கு உமிழ்நீர் இறங்காது. அது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாப்பாவுக்கு ஓர் அக்கா. கடையநல்லூரில் தறிக்காரர் வீட்டில் வாக்கப்பட்டவள். செய்யதம்மா மாமி என்றால் எங்கள் குடும்பத்தில் கலெக்டர், ஜட்ஜ், தாசில்தார் மூவரும் ஒருவரே. வாப்பா சிறுபையனாக இருந்தபோதே அவருடைய தாயும் தகப்பனும் மவுத்தாகிவிட்டதால், அக்காதான் வளர்த்தாள். அதனால் அபுதாபியிலிருந்து வரும் எல்லாக் கடிதங்களும் "அக்கா சொல்லுதபடி செய்யவும்" என்றுதான் முடியும். மாமிக்கு முட்டுவலி. சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் வந்து தங்கி, ஏழு நாள் விடாமல் அருவியில் முட்டியைக் காட்டிவிட்டுப் போவது அவளுடைய வருடாந்திர வழக்கம். வைத்தியர் சொன்ன கணக்கு அது, ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

நோன்பு மாதம் பிறைக்கணக்கில் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அந்த வருடம் அது நகர்ந்து நகர்ந்து வந்து சரியாகச் சீசனுக்குள் விழுந்துவிட்டது. நோன்பை வைத்துக்கொண்டு அருவிக்குப் போவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள், தெருவிலும் கேட்டார்கள். மாமி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டு மசாயில், அதாவது மார்க்கச் சட்டம், கேட்டு வைத்திருந்தாள்: குளிக்கலாம், ஆனால் ஒரு சொட்டுத் தொண்டைக்குள் இறங்கிவிடக் கூடாது. ஆகவே மாமி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தினமும் மதியத் தொழுகை முடிந்ததும் டவுன் பஸ்ஸில் குற்றாலம் போய், வாயை இறுக்கி மூடிக்கொண்டு மெயின் அருவியில் நின்றுவிட்டு வந்தாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவாள்.

அந்த ஆனியில்தான் என் தலையெழுத்தும் முடிவாக வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டேன். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு "அஞ்சாப்போட போதும்" என்பது எழுதாத சட்டம். அதற்குப் பிறகு தம்பி தங்கையைத் தூக்குவது, தையல், பிறகு கல்யாணம். உம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி, அதைத் துணிப்பெட்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்தாள். பள்ளி திறந்துவிட்டது. சேர்க்கைக்குக் கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை. வாப்பாவுக்கு எழுதிக் கேட்டதற்கு வழக்கம்போலப் பதில் வந்தது: "அக்கா சொல்லுதபடி செய்யவும்."

வியாழக்கிழமை சாயங்காலம் உம்மா பேச்சை எடுத்தாள். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மாமி காலை நீட்டி முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்த நேரம்.

"பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்கும்மா ஆறாப்பு? ஒரு கடுதாசி எழுதத் தெரிஞ்சா போதும்லா," என்றாள் மாமி.

அடுப்படியில் கஞ்சிக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. விழுந்த பிறகு நான் சும்மா இருக்க முடியுமா?

"கடுதாசி வாசிக்கத் தெரியாமத்தான மாமி, வாப்பா எழுதுனா என்னயக் கூப்புடுதீய?"

மாமிக்கு எழுத்து தெரியாது. தன் தம்பி எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அவள் கையில் வாங்கி, தடவிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் நீட்டுவாள். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் உண்மையைக் கல்லாக எடுத்து எறிந்திருந்தேன். உம்மா பதறிப்போய் என் முதுகில் ஓர் அறை வைத்தாள். மாமி அவளைக் கையமர்த்திவிட்டுத் தைலப் புட்டியை மூடினாள்.

"அடிக்காத. இவளுக்குப் புத்தி இருக்கு, சபூரு இல்ல. பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார்னு சும்மாவா சொன்னாவ? சபூரு இல்லாதவளப் படிக்க வச்சா, படிச்ச வாயும் சேந்துக்கிடும். ஊரு தாங்காது."

"எனக்கு சபூரு இருக்கு," என்றேன். என் குரல் அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமி சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்பம் நாளைக்கி ஒரு நோன்பு பிடி பாப்போம். ஒரே ஒரு நோன்பு. வயிறு மட்டுமில்ல, வாயும் சேந்து. நாளைக்கி சாயங்காலம் பாங்கு சொல்லுத வரைக்கும் பச்சத்தண்ணியும் உள்ள போவக்கூடாது, எதிர்ப்பேச்சும் வெளிய வரக்கூடாது. முழுசா முடிச்சிட்டேன்னா, என் தம்பிட்ட நானே சொல்லுதேன், பிள்ளையப் பள்ளியோடத்துல சேருன்னு. முடிக்கலைன்னா அந்தப் பெட்டிக்கு அடியில கெடக்க காயிதத்த எடுத்து அடுப்புல போட்டுரணும். சம்மதமா?" என்றாள்.

பெட்டிக்கு அடியில் இருந்த காகிதம் மாமிக்கு எப்படித் தெரிந்தது என்று உம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்து தெரியாதவளுக்கு வேறு எல்லாம் தெரிந்திருந்தது. நான் சம்மதித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எச்சிலை விழுங்கினாலே நோன்பு முறிந்துவிடும் என்று பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பயமுறுத்தி வைத்திருந்ததால், வாசலுக்கும் வீட்டுக்கும் நூறு தடவை நடந்து துப்பித் துப்பியே தொண்டையை உலர்த்திக்கொண்டேன். உம்மா பார்த்துவிட்டு, "எச்சிய முழுங்கலாம்ட்டி, துப்பியே செத்துராத," என்றபோதுதான் நின்றது. வயிறு அதுபாட்டுக்குக் கத்திக் களைத்து அடங்கிவிட்டது. வாய்தான் சிரமம். மாமி பரீட்சை வைப்பதென்று முடிவு கட்டிவிட்டாள். என் நிறத்தைப் பற்றிச் சொன்னாள், சடையைப் பற்றிச் சொன்னாள். வாப்பாவின் பழைய கடிதம் ஒன்றை எடுத்துவந்து வாசிக்கச் சொல்லி, வரிக்கு வரி நிறுத்தி, "என்ன வாசிக்கா, ஓட்டச்சட்டியில நண்ட விட்ட மாதிரி," என்றாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சூடான, நல்ல பதில்கள். அவற்றை நான் ஒவ்வொன்றாக விழுங்கியபோது, நோன்பு முறியாமல் விழுங்கக்கூடியது இது ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியத் தொழுகைக்குப் பிறகு பஸ் ஏறினோம். உம்மா தம்பியோடு வீட்டில் இருந்தாள். சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது, நான் உதடுகளை மடித்துக் கடித்துக்கொண்டேன். குற்றாலத்தில் இறங்கியதும் முதலில் வந்து தாக்கியது மிளகாய் பஜ்ஜி வாசம். சீசன் கடைகளை நீங்கள் வயிறு நிறைந்திருக்கும்போதுதான் பார்த்திருப்பீர்கள். விடியலிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெயில் பொரிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மங்குஸ்தான் பழத்தைப் பிளந்து வெள்ளைச் சுளையைக் காட்டி "தின்னு பாரு பாப்பா, காசு வேண்டாம்" என்று கூப்பிடுகிறவரைக் கடந்து நடந்து பார்க்க வேண்டும். மாமி பக்கவாட்டில் என்னைப் பார்த்தாள். நான் நேரே பார்த்து நடந்தேன்.

பெண்கள் குளிக்கிற பக்கத்தில் அன்று ஏகப்பட்ட கூட்டம். வெள்ளிக்கிழமை வேறு, அருவி இரண்டு நாளாகக் கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது வேறு. கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வரிசையில் நகர்ந்தோம். மாமியின் முட்டி நடுங்கியது, ஆனாலும் முனகாமல் நின்றாள். எங்கள் முறை வந்து, மாமி முதுகைக் காட்டி, பிறகு மெல்லத் திரும்பி முட்டியை அருவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வரிசைக்குள் வராமல் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, தன் இரண்டு பெண்களையும் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார். புகுந்த வேகத்தில் மாமியின் முட்டியில் ஓர் இடி. மாமி கம்பியைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

மாமி வாயைத் திறக்காமல் கையால் வரிசையைக் காட்டினாள்.

"என்ன கையக் கையக் காட்டுதீய? நாங்க புளியங்குடியிலருந்து வாரோம், மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்," என்றார் அந்த அம்மாள்.

மாமி மறுபடி கையைக் காட்டினாள், இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அருவி என்ன ஒங்க அப்பன் வெட்டுன வாய்க்காலா?"

அவ்வளவுதான். செய்யதம்மா மாமியின் தகப்பனாரை இழுத்துவிட்டு யாரும் தப்பியதில்லை.

"ஏட்டி! எங்க வாப்பாவப் பத்திப் பேச நீ ஆருட்டி? வரிசையில நிக்கவங்களுக்குக் கண்ணில்லையா காலில்லையா? புளியங்குடிச் சந்தையில எலுமிச்சங்கா மூட்டையத் தள்ளுத மாதிரித் தள்ளிட்டு வாரியே, ஒனக்கு..."

அருவி மாமியின் தலைக்கு நேர் மேலே கொட்டிக்கொண்டிருந்தது. ஆவென்று திறந்த வாய்க்குள் அது ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தது. மாமி துப்பினாள், இருமினாள், ஆனால் அதற்கு முன்னால் அவள் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். "மடக்" என்று ஒரு முழு மடக்கு. அந்தப் புளியங்குடி அம்மாள் பயந்துபோய், "ஐயோ, தெரியாமச் சொல்லிட்டேன் ஆச்சி, நீங்களே குளிங்க," என்று ஒதுங்கிக்கொண்டார். மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

என் மனம் அந்த நிமிடத்தில் என்ன செய்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். அது குதித்தது. அல்லாஹ்வே, இதைவிடப் பெரிய பதில் உலகத்தில் இருக்கிறதா? "யாருக்கு மாமி சபூரு இல்ல?" ஐந்து வார்த்தைகூட இல்லை, சொன்னால் மாமி பஞ்சாகப் பறந்துவிடுவாள். அது நாக்கின் நுனிக்கு வந்து, பல்லில் முட்டி நின்றது. நான் உதடுகளை மடித்துக் கடித்தேன். சொன்னால் அது எதிர்ப்பேச்சு, எதிர்ப்பேச்சு வந்தால் பந்தயம் போச்சு, ஆறாம் வகுப்பு போச்சு. ஆகவே அப்போது நான் காத்தது சபூர் ஒன்றும் இல்லை. அது கணக்கு. பாங்கு வரைக்கும் இதைப் பத்திரமாக வைத்திருந்து, மாமி ஏதாவது சாக்குச் சொல்லி மறுத்தாள் என்றால் வெடியைப் பற்றவைப்பது போல எடுத்து விடலாம் என்றுதான் திட்டம் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் மௌனமாக இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமி முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு? நீ ஏதும் சொல்லிட்டியா?" என்று கேட்டாள். அவள் கண்ணில் அழுகை நின்றது. விண்ணப்பம் அடுப்புக்குப் போய்விட்டது என்றே நினைத்திருக்கிறாள். மாமி தண்ணீரை விழுங்கியதைச் சொல்லிவிட்டால் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்! "நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. உம்மா தம்பியைத் தூங்கவைக்கப் போயிருந்தாள், பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியை எடுக்க நான் அடுப்படிக்குப் போனேன். மாமி வடைக்கு அரைத்த கையைக் கழுவிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள், முன்னால் தண்ணீர்ப் பானை. நான் கதவோரம் நின்றுவிட்டேன். அவள் நோன்பு மதியமே போய்விட்டது, வீட்டில் பார்க்க ஆளில்லை, தொண்டை வறண்டு கிடந்தது அவள் இருமலிலேயே தெரிந்தது. மாமி பானை மூடியைத் திறந்தாள். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே விழுந்திருந்த ஓர் உளுந்துத் தோலை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, மூடியைச் சரியாக வைத்து, அதன்மேல் செம்பையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் வடை தட்ட உட்கார்ந்தாள்.

முறிந்துபோன நோன்பென்றாலும் அன்றைய பொழுது முடியும்வரை பசித்திருக்க வேண்டும் என்ற மார்க்கச் சட்டம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதே மாதிரிதான் நின்றிருப்பேன். யாருக்கும் காட்ட வேண்டாத இடத்தில், கணக்கில் சேராத ஒரு தாகத்தை, முட்டியும் வலித்துக்கொண்டு ஒருத்தி தாங்கிக்கொண்டிருந்தாள். நான் வைத்திருந்த வெடி அப்போதே நனைந்துபோயிற்று. மாமி என்னைப் படிக்க வைக்காவிட்டாலும் இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சாரலில் நடந்தபோது ஆறாம் வகுப்புக்கு மனதுக்குள் ஸலாம் சொல்லிவிட்டேன்.

பாங்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மூவரும் பாயில் உட்கார்ந்தோம். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, எலுமிச்சம்பழச் சர்பத். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கலந்த கஞ்சி வாசம் என் கண்ணை மறைத்தது. வழக்கமாக வீட்டில் மூத்தவள் என்று மாமிதான் முதலில் பழத்தைக் கையில் எடுப்பாள். அன்று எடுத்த பழத்தை அவள் என் முன்னால் நீட்டினாள்.

"நீ மொதல்ல தொற."

"மதினி, நீங்க..." என்று உம்மா இழுத்தாள்.

"எனக்கு நோன்பு இல்லம்மா. மத்தியானமே போயிட்டு. அருவியில நின்னு ஒருத்திகூட வாயாடினேன், ஒரு மடக்கு உள்ள எறங்கிட்டு. பெருநாள் கழிஞ்சு அதுக்குப் பதிலா ஒரு நோன்பு களாப் பிடிக்கணும்." மாமி என்னைப் பார்க்காமல் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இவ பாத்தா. பக்கத்துலதான் நின்னா. நான் ஒரு வாரமா இவளச் சொல்லாத சொல்லில்ல. ஒரு வார்த்த, ஒரே வார்த்த திருப்பிச் சொல்லியிருந்தா நான் அங்கனயே மண்ணுக்குள்ள போயிருப்பேன். சொல்லல. ஒன்ட்டயும் சொல்லல. இருவது வருசமா சபூரு சபூருன்னு ஊருக்குச் சொல்லுதேன், ஒரு வரிசையில ரெண்டு நிமிசம் நிக்கத் துப்பில்ல. இன்னைக்கி இந்த வீட்டுல முழு நோன்பு இவளுக்குத்தான்."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நான் பழத்தை வாயில் வைத்தேன். அழுதுகொண்டே மென்றதில் புரையேறி, உம்மா முதுகில் தட்டி சர்பத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெற்றி என்றால் என்ன என்று பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பல தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தச் சர்பத்தின் ருசி எதற்கும் வரவில்லை.

கஞ்சி குடித்த கையோடு மாமி டேப் ரிக்கார்டரைக் கொண்டுவரச் சொன்னாள். எழுத்து தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் கேசட்டில் பேசித்தான் வளைகுடாவுக்கு அனுப்புவார்கள். மாமி சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அபுதாபி வரைக்கும் நேராகக் கேட்க வேண்டும் என்பதுபோல் சத்தமாகப் பேசினாள்: "ஏலே தம்பி, அக்கா பேசுதேன். நாளைக்கி நம்ம நூருவ ஆறாப்புல சேக்கப் போறோம். ஒன்ட்டக் கேக்கல, சொல்லுதேன். அவ எத்தன வருசம் படிக்கணும்னு சொல்லுதாளோ அத்தன வருசம் படிப்பா. இதுக்கு மறுபேச்சு எழுதி அனுப்புனே, வாசிச்சுச் சொல்லுதது அவதான், பாத்துக்க."

சனிக்கிழமை காலையில் விண்ணப்பத்தில் உம்மா கையெழுத்துப் போட்டாள். மாமிக்கு அது ஏழாவது நாள். அருவிக்குப் போவதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தாள். எங்கள் தெருவிலிருந்து ஆறாம் வகுப்பு படிக்க அந்தப் பள்ளியின் படியேறிய முதல் பெண் நான்தான். அடுத்த வருடம் மூன்று பேர் வந்தார்கள்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தென்காசியில் வக்கீலாக இருக்கிறேன். வாய்தா வாங்கி வாங்கிக் கட்சிக்காரர்களிடம் சபூர் செய்யச் சொல்வதே பிழைப்பாகிவிட்டது என்று ஜூனியர்கள் கேலி பேசுவார்கள். அருவியில் பெண்கள் பக்கத்து வரிசையை இப்போது போலீஸ் விசில் ஊதி நகர்த்துகிறது. நோன்பு மாதம் சீசனை விட்டு விலகி வெயில் பக்கம் போய்விட்டது. வெள்ளைத் துப்பட்டியும் இல்லை, கேசட்டில் பேசி அனுப்புகிறவர்களும் இல்லை. அந்தக் கேசட்டை வாப்பா பத்திரமாகக் கொண்டுவந்தார், போட்டுக் கேட்கத்தான் இப்போது கருவி கிடைக்கவில்லை. "அஞ்சாப்போட போதும்" என்ற பேச்சும் எங்கள் தெருவிலிருந்து ஒழிந்தது. போனவற்றில் நான் சந்தோஷமாக வழியனுப்பி வைத்தது அதை ஒன்றைத்தான்.

மாமிக்கு எண்பத்தேழு. கடையநல்லூரில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாலும் கலெக்டர் பதவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு நாள், உடனே புறப்பட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். போனேன். அவளுடைய இளைய மகனின் மகள் ஷிஃபாவுக்குச் சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ரியாத்தில் இருந்த அவள் தகப்பன் வீடியோவில் வந்து, "மாப்பிள்ள பாத்துட்டு இருக்கோம், ஒரு வருசம் சபூர் செய்யட்டும், பொறவு பாக்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் தலையைக் குனிந்து நின்றாள். மாமி கட்டிலிலிருந்து என் கையைப் பிடித்தாள்.

"நூரு, நீ பேசு."

"கொஞ்சம் பொறுத்துப் பேசலாம் மாமி, அவன் கோவமா இருக்கான்," என்றேன்.

"எதுக்குப் பொறுக்கணும்? நாள் போச்சுன்னா சீட்டும் போயிரும்லா. சபூருன்னா தெரிஞ்சு வாய மூடுததுட்டி, பயந்து மூடுதது இல்ல. அன்னைக்கி நீ வாய மூடுன, ஒனக்காவ நான் தொறந்தேன். இப்பம் எனக்கு அவ்வளவு நேரம் பேச மூச்சு இல்ல. நீ தொற."

நான் போனை வாங்கிக்கொண்டேன். பேசினேன். என்னென்ன பேசினேன் என்று எழுதினால் இது கட்டுரையாக இருக்காது, தீர்ப்பு நகலாகிவிடும். மொத்தத்தில் அரைமணி நேரத்துக்குமேல் அவனை மூச்சுவிடவிடவில்லை. கடைசியில், என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் அவன், "சரி லாத்தா, சேத்துருங்க," என்று சொல்லிவிட்டு, சிரித்தும்விட்டான். ஷிஃபா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இப்போது சென்னையில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

மாமி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு மெல்லச் சொன்னாள்:

"ஏட்டி ஷிஃபா, ஒங்க நூரு மாமிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா. இவ்வளவு நேரம் பேசியிருக்கா, தொண்ட காஞ்சு போயிருக்கும்."